என் மகனின் நெஞ்சுக்குள் நான்கு வால்வுகள்

காக்களூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் காற்றுக் குழாய்களில் மாட்டும் சின்னச் சின்ன வால்வுகள் செய்கிறோம். ஒரு பக்கமாகக் காற்றை விடும். திரும்பி வர விடாது. கடைசி மேசை என்னுடையது. செய்து முடித்த வால்வை ஹோஸில் மாட்டி, காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குவேன். குமிழி வராவிட்டால் பெட்டிக்குப் போகும். வந்தால் சிவப்பு பெயின்ட்டைத் தொட்டு வைத்து ஓரம் கட்டிவிடுவேன். குமிழி வால்விலிருந்துதான் வருகிறதா என்று சந்தேகம் வந்தால் ஹோஸை இரண்டு விரலால் இறுக்கி நெரிப்போம். இடம் மாற்றி மாற்றி நெரித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பி.எஸ்ஸி. படித்தவள் என்றுதான் என்னை அந்த மேசைக்கு எடுத்தார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்வது படிப்பு இல்லை, விரல்கள். யோசிப்பதற்கு முன்னாலேயே அவை போய்விடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் என் விரல்கள் செய்த காரியம், இது தெரியாவிட்டால் யாருக்கும் புரியாது.

என் மகனுக்கு இப்போது முப்பத்தொரு வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்துத் தூங்கிக்கொண்டே போவான். சேர்ந்து சில வருஷத்தில், கிரேனுக்குப் போகும் இரும்பு ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறது என்றான். ஆலைத் தூசி என்று நினைத்தோம். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இருமல் உண்டு. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு டிபி என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் ஆஸ்துமா என்று வாயில் அடித்து இழுக்கும் பம்பு கொடுத்தார்கள். எதற்கும் அவன் மூச்சு திரும்பவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்து தலை துவட்டுவதற்கு முன் கட்டிலில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. பேச்சை வார்த்தை வார்த்தையாகப் பிய்த்துப் பேசினான். போனில் பேசுகிறவர்கள் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

வேலையை விட்டான். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அது ஓடும் சத்தத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், டிவி பார்த்தோம், சண்டை போட்டோம். கரண்ட் போனால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பிறகு என் வீட்டுக்காரர் எழுந்து போய் சிலிண்டரைத் திறப்பார்.

சென்னையில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போனபோதுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஸ்கேனை விளக்குப் பலகையில் மாட்டி வைத்துக்கொண்டு அவர் முதலில் என் மகனிடம் எத்தனை வருஷம் சிகரெட் பிடித்தான் என்று கேட்டார். ஆலையில் சேர்ந்த புதிதில் கொஞ்ச நாள், அதுவும் டீக்கடையில், என்றான். டாக்டர் ஸ்கேனைத் திரும்பப் பார்த்தார். கீழ்ப்பக்கம் இரண்டும் கறுப்பாக, ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் புகைத்தவருக்குக் கூட மேல்பக்கம்தான் முதலில் போகும், இவருக்குக் கீழே போயிருக்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார்.

முடிவு வந்ததும் என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொன்னார். நுரையீரலைக் காக்க உடம்பு ஒரு புரதத்தைக் கல்லீரலில் செய்து அனுப்புகிறது. அழுக்கைத் தின்ன வரும் அணுக்கள் நுரையீரலையே தின்றுவிடாமல் அது தடுக்கும். என் மகனுக்கு அது பிறவியிலேயே கிட்டத்தட்ட இல்லை. அவன் ஒவ்வொரு மூச்சிலும் தன் நுரையீரலையே கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தான். ஆலைத் தூசியும் அந்தக் கொஞ்ச நாள் சிகரெட்டும் அதை வேகமாக்கியிருக்கின்றன, அவ்வளவுதான். இது அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு வந்தால்தான் வரும் என்றார். பிறகு, குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல், நீங்க ரெண்டு பேரும் சொந்தமா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கம் அக்கா மகளுக்கு முதல் உரிமை தாய்மாமனுக்கு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்த வீடு, தெரிந்த மனுஷன் என்று சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டேன். இன்றும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். எங்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்தார்கள். இருவரிடமும் அந்தப் பங்கு இருந்தது. ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, அம்மா வழியாக என்னிடமும், நேராக அவரிடமும் வந்து, எங்கள் மகனிடம் சேர்ந்துவிட்டது. என் அம்மாவுக்கும் அவருக்கும் பெரியப்பா ஒருவர் ஆர்.கே.பேட்டையில் நாற்பது வயதுக்குள் இளைப்பு வந்து இறந்துபோனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். நெல் தூசி என்று சொல்வார்கள்.

வெளியே வந்து லிஃப்ட் பக்கத்தில் நின்றோம். என் வீட்டுக்காரர் திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எதற்கும் வாயடைத்து நிற்கிறவர் இல்லை. அன்று லிஃப்ட் பட்டனை அழுத்தப் போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்போ நாம கட்டிக்கினதுதான் தப்பா மே?"

மகன் எங்களுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் இருந்தான். அவன்தான் சொன்னான்.

"நைனா... நீங்க கட்டிக்கலனா... நானே இல்ல. அத... முதல்ல... பாரு."

அதற்குப் பிறகு என் தூக்கம் போய்விட்டது. கணினியிலும் போனிலும் தேடிப் படித்தேன். டாக்டரிடம் போகும்போதெல்லாம் படித்ததைக் கேட்டேன். இல்லாத புரதத்தை ஊசியில் ஏற்றலாமே என்றேன். அது இருப்பதைக் காக்கத்தான் உதவும், போனதைத் திருப்பித் தராது, அதுவும் வாழ்நாள் முழுக்க வாராவாரம் ஏற்ற வேண்டும் என்றார். இங்கே கிடைப்பதும் எங்கள் கைக்கு எட்டுவதும் பற்றி அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. கெட்ட பாகத்தை வெட்டி எடுக்கலாமே என்றேன். நெஞ்சைத் திறந்தால் இவர் தாங்கமாட்டார் என்றார். வேறு நுரையீரல் வைப்பதற்குப் பதிவு செய்துவிட்டோம்; அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெந்நீராவியால் கெட்ட பாகத்தைச் சுருக்குவது, பசை மாதிரி ஒன்றை விட்டு அடைப்பது என்று வெளிநாட்டில் செய்து பார்க்கிறார்களாமே என்றேன். அவர் சிரித்துவிட்டு, எல்லாத்தையும் படிச்சுட்டு வர்றீங்க, என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பென்சில் முனையில் இருக்கும் ரப்பர் அளவுதான் இருந்தது. மெல்லிய கம்பி வலை, நடுவில் வாத்தின் அலகு மாதிரி மூடிய ஒரு வாய். வெட்டு வேண்டாம், வாய் வழியாகக் குழாயை விட்டு மூச்சுக்குழாயின் கிளையில் இதைப் பொருத்துவார்களாம். கெட்ட பாகத்தில் தேங்கிக் கிடக்கும் காற்று இதன் வழியாக வெளியே வரும். புதிதாக உள்ளே போகாது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பாகம் சுருங்கிவிடும். அதன் ஊதலில் நசுங்கிக் கிடக்கும் நல்ல பாகத்துக்கு இடம் கிடைக்கும்.

எனக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நாங்கள் செய்வதே அதுதான். அந்த நிமிஷம் எனக்குள் வந்த நம்பிக்கையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பல மாதமாக அந்நிய மொழியில் பேசிக்கொண்டிருந்த நோய் முதல்முறையாக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தது மாதிரி இருந்தது.

"இதத் தண்ணில முக்கிப் பாப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உள்ள வெச்சதுக்கப்புறம் உங்க பையன் மூச்சுதாம்மா தண்ணி," என்றார்.

ஆனால் எல்லோருக்கும் வைக்க முடியாது. நுரையீரலின் பாகங்களுக்கு நடுவே தடுப்பு முழுதாக இருக்க வேண்டும். தடுப்பில் ஓட்டை இருந்தால் பக்கத்துப் பாகத்திலிருந்து காற்று திருட்டுத்தனமாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், வால்வு வீண். ஸ்கேனில் ஓரளவு தெரியும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, மயக்கம் கொடுத்து, ஒரு சின்ன பலூனால் அந்தக் கிளையை அடைத்து, காற்று வருவது நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் அதே மயக்கத்தில் வால்வு. நிற்காவிட்டால் ஒன்றும் வைக்காமல் எழுப்பிவிடுவார்கள். இன்னொரு ஆபத்தையும் சொன்னார். வைத்த முதல் சில நாளில் சிலருக்கு நுரையீரலில் கிழிசல் விழுந்து நெஞ்சுக்குள் காற்று கசியும். அதனால் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். அன்று அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

வலதுபக்கம்தான் மிக மோசம், அங்கேதான் வைப்பது என்று முடிவாகியிருந்தது. அவனை உள்ளே கொண்டுபோன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் கதவுக்கு எதிரே உட்கார்ந்தோம். அவர் பாக்கெட்டில் பெரியபாளையத்து அம்மன் குங்குமம் இருந்தது. அதைப் பொட்டலத்தோடு கசக்கிக்கொண்டே இருந்தார். கதவு திறந்து டாக்டர் முகமூடியோடு வந்தபோது நேரம் ரொம்பக் குறைவாகத்தான் ஆகியிருந்தது. ஒன்றும் வைக்காமல் எழுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

வலதுபக்கம் காற்று நிற்கவில்லை என்றார். தடுப்பில் ஓட்டை. அங்கே வைத்துப் பயன் இல்லை. இடதுபக்கக் கீழ்ப்பாகத்தைச் சோதித்ததில் அங்கே நின்றுவிட்டது. அது இரண்டாவது மோசமான இடம், பலன் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம், வைக்கட்டுமா, இப்போதே சொல்ல வேண்டும் என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் என் வீட்டுக்காரர், "வைங்க சார், எந்தப் பக்கமா இருந்தா இன்னா," என்றார்.

நான்கு வால்வு வைத்தார்கள்.

மறுநாள் காலை நடந்ததை நான் என் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டேன். மகன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தாலும் அளவைக் குறைத்திருந்தார்கள். தோளும் கழுத்தும் ஏறி இறங்காமல் அடங்கியிருந்தன. என்னைப் பார்த்து, "நாஷ்டாவுக்கு இட்லி வேணாம்மா, இந்த கேன்டீன் இட்லி கல்லு மாதிரி கீது, நைனாவ அனுப்பி ரோட்டுக்கட பூரி வாங்கியாரச் சொல்லு," என்றான். இடையில் எங்கும் நிற்காமல். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் பூரி வாங்கப் போகிற சாக்கில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று சொல்லி அந்தப் பூரியை நாங்கள் இருவரும்தான் தின்றோம்.

அந்த ஒரு நாள்தான்.

அதற்கு அடுத்த நாள் மதியம் பாத்ரூமிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவன் இடது விலாவைப் பிடித்துக்கொண்டான். எதுவோ குத்துவதாகச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் உதடு நீலமாகிவிட்டது. ஓடி வந்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் சொல்லியிருந்த கிழிசல்தான். அக்குளுக்குக் கீழே துளை போட்டு ஒரு குழாயை நெஞ்சுக்குள் செலுத்தினார்கள். மறுமுனை கட்டிலுக்குக் கீழே தரையில், பாதி தண்ணீர் நிறைந்த ஒரு பாட்டிலுக்குள் இருந்தது. பாட்டிலைத் தூக்கக் கூடாது, குழாய் மடியக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீருக்குள் குமிழி வந்தது. அவன் மூச்சை விடும்போதெல்லாம் கொப்பளித்துக்கொண்டு வந்தது. இருமினால் பாட்டில் முழுவதும் நுரைத்தது.

நான் கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். எனக்குக் குமிழி என்றால் ஒரே அர்த்தம்தான். வால்வு ஒழுகுகிறது. நான்கில் எதுவோ சரியாக உட்காரவில்லை. இடம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லலாம், எடுத்துவிட்டு வேறு வைக்கச் சொல்லலாம். இப்படித்தான் நினைத்தேனா, அல்லது நினைக்கவே இல்லையா, இன்றைக்கு எனக்கே தெளிவில்லை. என் வலது கை கீழே போய், பாட்டிலுக்குப் பக்கத்தில் குழாயை இரண்டு விரலால் நெரித்தது. குமிழி நின்றது. ஓட்டை மேலேதான். விட்டுவிட்டு, விலாவுக்குப் பக்கத்தில் நெரித்தேன். அங்கேயும் நின்றது. அப்படியானால் உள்ளே.

அந்தத் தண்ணீர் அசையாமல் இருந்தது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. விடுவதற்கு மனம் வரவில்லை.

"மா," என்றான் மகன். நிமிர்ந்து பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. கண் என்மேல் நின்றது.

நர்ஸ் எப்போது வந்தார் என்று தெரியாது. என் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. குழாய் விடுபட்டதும் பாட்டில் பொங்கியது. அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்ஸிஜனைக் கூட்டி, பெல்லை அழுத்தி, எல்லாவற்றையும் அவர் ஒரே நேரத்தில் செய்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மூச்சு வந்தது. உதட்டின் நிறம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் நர்ஸ் என் பக்கம் திரும்பினார். ஆரணிப் பக்கத்துப் பெண் அவர், என் மகன் வயதுதான் இருக்கும். கோபப்படவில்லை. குழாயை நேராக்கிக்கொண்டே சொன்னார்.

"இது வெளிய வந்துகினே இருக்கணும்மா. நீங்க அடைச்சா காத்து உள்ளயே தங்கி அவரு இதயத்தையே அமுக்கிடும்."

அன்று மாலை டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் அழுதுகொண்டே என் மேசையைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எக்ஸ்ரேவைக் காட்டினார். வால்வு நான்கும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. சரியாக வேலை செய்ததால்தான் கீழ்ப்பாகம் வேகமாகச் சுருங்கியது. காலியான இடத்துக்கு மேல்பாகம் வேகமாக விரிந்தபோது எங்கோ கிழிந்துவிட்டது. குமிழி வருவது அந்தக் கிழிசலிலிருந்து.

இனி இரண்டு வழி என்றார். கிழிசல் தானாக ஆறும் வரை குழாயோடு காத்திருக்கலாம். அதற்கு நாளாகலாம், கிருமி சேரலாம், இவர் உடம்பு இளைத்துக்கொண்டே போகலாம். இல்லாவிட்டால் ஒரு வால்வைக் கழற்றினால் கீழ்ப்பாகம் திரும்ப ஊதிக்கொள்ளும், இழுவை குறைந்து கிழிசல் சீக்கிரம் மூடலாம். ஆனால் வைத்ததன் பலனும் அதோடு போய்விடும். பிறகு மறுபடி வைக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது. இன்னும் ஓரிரு நாள் பார்க்கலாம், அதற்குள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்றார்.

எனக்குப் பேச ஒன்றுமே இருக்கவில்லை. கழற்றிவிடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான்கையும் கழற்றட்டும். ஆக்ஸிஜன் மெஷினோடு, பிய்த்துப் பிய்த்துப் பேசிக்கொண்டு, கட்டிலிலேயே இருக்கட்டும். இருந்தால் போதும். என் விரலுக்கு நடுவில் அவன் மூச்சு நின்றதை நான் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்தவளிடம் பலன், பயன் என்றெல்லாம் யார் என்ன பேச முடியும்.

வராண்டாவில் வைத்து என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "நீ சொல்றதும் நான் சொல்றதும் இன்னாத்துக்கு ஆவப்போது, மூச்சு அவனுது, அவனக் கேளு," என்றார். அவனைக் கேட்டால் அவன் வயசுக்குத் துணிந்துவிடுவான், நாம்தான் சொல்ல வேண்டும் என்று நான் கத்தினேன். பக்கத்து அறைக் கதவு திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். உன் அக்கா மகளாகப் பிறந்து உன்னையே கட்டி இந்தப் பிள்ளையைப் பெற்று இப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மகனிடம் டாக்டர் சொன்ன இரண்டையும் அவர்தான் சொன்னார், எதையும் கூட்டாமல் குறைக்காமல். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டில் கொப்பளித்தது. நான் அவன் கையைப் பிடித்து, எடுத்திடலாம்டா, வேணாம்டா சாமி, அம்மாவால முடியலடா, என்று கெஞ்சினேன்.

அவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னான்.

"ஒரு நாளு... மூச்சு வுட்டேன்மா. மத்தவங்க... வுடற மாரி. அது இன்னான்னு... தெரியாமயே இருந்திருந்தா... எடுக்கச் சொல்லியிருப்பேன். இப்ப... தெரிஞ்சு போச்சு. எடுக்காத."

நான் கையை விட்டேன்.

காத்திருந்தோம். என்னைப் பாட்டில் இருக்கும் பக்கம் உட்கார வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். எனக்கும் அங்கே உட்காரும் தைரியம் இல்லை. கட்டிலின் மறுபக்கத்தில், அது கண்ணில் படாதபடி இருந்தேன். சத்தம் மட்டும் கேட்கும். கஞ்சி ஊட்டும்போதும் முகம் துடைக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பாட்டிலைப் பார்க்கும் வேலை என் வீட்டுக்காரருடையதாயிற்று. தரையில் சம்மணம் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. மகனுக்குக் காய்ச்சல் வந்தது, மருந்து மாற்றினார்கள், போனது. எடை இன்னும் குறைந்தது. இருமல் வந்தால் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். ஒருமுறை இருமி முடித்து, "நைனா... பாட்டில... அப்படிப் பாக்காத... அது வெக்கப்படுது," என்றான். சிரித்ததால் மறுபடி இருமல் வந்தது. மூவரும் பயந்து அடங்கிவிட்டோம்.

டாக்டர் சொன்ன ஓரிரு நாள் தாண்டியது. தினமும் வந்து பார்த்து, இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்பார். நான் அவர் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பேன், கழற்றிவிடுங்கள் என்ற வார்த்தை தொண்டையில் தயாராக நிற்கும். மகன் என்னைப் பார்ப்பான். நான் உட்கார்ந்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் சத்தம் குறைந்தது போலத் தோன்றியது. பயத்தில், பாட்டிலுக்கு எதிரே இருந்தவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரர் தரையிலிருந்தபடியே, இருமினால்தான் வருகிறது என்றார். அதற்கும் அடுத்த நாள், இருமினாலும் வரவில்லை என்றார். நான் ஓடிப்போய்க் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. மடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது மேல்பாகம் விலாவரை விரிந்து நின்றது. கீழ்ப்பாகம் முதுகுப்பக்கம் ஒரு வெள்ளைத் துண்டாகச் சுருங்கிக் கிடந்தது. குழாயை எடுத்துத் தையல் போட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் எத்தனை நாளுக்கு இது என்று கேட்டேன். இடதுபக்கம் நமக்குக் கிடைத்தது கிடைத்ததுதான் என்றார். வலதுபக்கத்துக்குச் செய்ய இப்போது ஒன்றுமில்லை. நோய் நிற்கவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கும். மாற்று நுரையீரல் வரும்வரை இவரைத் தாங்க வைப்பதுதான் வேலை. சளி பிடித்தால்கூட உடனே வாருங்கள் என்றார். வருஷம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த அன்று மதியம் கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டான். நான் பாத்திரம் கழுவிவிட்டு அவன் அறைக்குள் போனேன். மெஷின் குறைந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மல்லாந்து படுத்திருந்தான். பல வருஷமாக அவன் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. நான்கு தலையணையில் சாய்ந்து, தோள் ஏறி இறங்க, விசில் மாதிரி ஒரு சத்தத்தோடுதான் தூங்குவான். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவன் இருக்கிறான் என்று அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரியும்.

இப்போது சத்தமே இல்லை. தோள் அசையவில்லை. கழுத்து அசையவில்லை. போர்வைக்கு மேல் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கை மூக்குக்கு அருகே போனது; ஆக்ஸிஜன் குழாயின் காற்றுதான் விரலில் பட்டது. இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"இன்னாமா, இப்பதான் கண்ணு அசந்தேன், அதுக்குள்ள எழுப்பற?"

ஒன்றுமில்லை, தூங்கு என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் வாசற்படியிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் போனது. மறுபடி ஒன்றும் தெரியவில்லை. மறுபடி போய் எழுப்பினேன், மறுபடி கண்ணைத் திறந்தான்.